ஜெல்லிமீன் தொட்டிக்கு மூலை கிடையாது

மீன்காட்சியகம் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "சுறா, திருக்கை எல்லாம் செவ்வகத் தொட்டியில் இருக்கின்றன. ஜெல்லிமீனுக்கு மட்டும் ஏன் வட்டத் தொட்டி? அழகுக்காகவா?"

அழகுக்காக இல்லை. மூலை இருந்தால் அது செத்துப்போகும்.

பெரிய காட்சியகங்களின் மற்ற சங்கதிகள் பள்ளிப்பாடம்தான். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், பிறகு நைட்ரேட்டாக்கும். நீரழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, தொட்டியின் நீளத்தைப் பொறுத்ததல்ல. 10 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன். அதனால்தான் ஜப்பானின் ஒகினாவா சுராவுமி காட்சியகத்தில் திமிங்கிலச் சுறா நீந்தும் தொட்டிக்கு 60 சென்டிமீட்டர் தடிமனில் அக்ரிலிக் பலகை. அவ்வளவு பெரிய சுறாவுக்கே வழி கண்டுவிட்டார்கள். பராமரிப்பாளர்களைப் படுத்தி எடுப்பது உள்ளங்கை அகல ஜெல்லிமீன்தான்.

அதன் உடலில் சுமார் 95 சதவீதம் நீர். மூளை கிடையாது. குடையைச் சுருக்கி விரித்து நகரும். திறந்த கடலில் சுவர் ஏது? அதனால் முட்டினால் விலகிப்போகத் தெரியாது. மூலையில் மாட்டினால் அங்கேயே துடித்துத் துடித்துக் குடை தேய்ந்து கிழியும். மற்ற தொட்டிகளைப் போலக் காற்றுக்குமிழியும் விட முடியாது. குமிழி குடைக்கு அடியில் போய்த் தங்கினால் நாளடைவில் ஓட்டையே போட்டுவிடும். நீர் வெளியேறும் வலைப்பக்கம் போனால் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும். சரி, நீரை அசையாமல் வைக்கலாமா? கடல்நீரைவிடக் கொஞ்சம் கனமான உடல். துடிப்பு ஓய்ந்தால் அடியில் போய்ப் படுத்துவிடும்.

1968இல் ஜெர்மன் உயிரியலாளர் வுல்ஃப் கிரேவே, நீரோட்டத்தோடு மிதந்துபோகும் மிதவை உயிரிகளை (பிளாங்டன்) வளர்க்க ஒரு தொட்டியை விவரித்தார். பெயர் 'பிளாங்டன்கிரைசல்'. கிரைசல் என்றால் பம்பரம். பம்பரம் சுழலும், இங்கே நீர் சுழல்கிறது. வெளியேறும் வலையை அகலமாக வைத்தார்கள். பரப்பு பத்து மடங்கானால் அதே அளவு நீர் பத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் வெளியேறும், இழுப்பு தெரியாது. உள்ளே வரும் நீரோ மெல்லிய தகடுபோல அந்த வலையின் முகத்தை உரசிக்கொண்டு பாய்கிறது. வலையருகே வரும் ஜெல்லிமீனை அது ஒதுக்கித் தள்ளுகிறது, அந்தப் பாய்ச்சலிலேயே தொட்டி நீரையும் மெதுவாகச் சுழற்றுகிறது.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடப்பது. துடிப்பதை நிறுத்திய ஒரு ஜெல்லிமீனைக் கவனியுங்கள். நீர் கீழே இறங்கும் பக்கத்தில் அது நீரைவிட வேகமாக இறங்கும். நீர் மேலேறும் பக்கத்துக்கு வந்ததும், ஏறும் நகர்படியில் நின்றுகொண்டு மெல்லக் கீழ்ப்படிக்குக் கால் வைக்கும் ஆள் மாதிரி, இறங்கிக்கொண்டே ஏறும். அந்தப் பக்கத்தில், மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, நீர் ஏறும் வேகமும் உடல் விழும் வேகமும் சரிக்குச் சரியாகும் புள்ளி ஒன்று உண்டு. ஜெல்லிமீன் சுற்றுவது தொட்டியின் மையத்தை அல்ல, அந்தப் புள்ளியை. சுற்றிலும் உள்ள நீருக்குள் ஒவ்வொரு நொடியும் அது விழுந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தரையைத் தொடுவதே இல்லை! வேகத்தைக் கூட்டினால் எல்லாம் நடுவில் திரண்டு சிக்கிக்கொள்ளும், குறைத்தால் அடியில் குவியும். குழாய் வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருப்பித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

1990இல் அமெரிக்க உயிரியலாளர் வில்லியம் ஹாம்னர் இந்த வடிவத்தை ஆய்வுக் கப்பல்களுக்கு ஏற்றவாறு மேம்படுத்தினார். காட்சியகங்களில் நாம் வாய்பிளந்து பார்ப்பவை இந்த வம்சத்தில் வந்தவை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மிதவை உயிரிகளை வளர்க்க ஒரு தொட்டி வேண்டும் என்று இன்று யாராவது நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்ற கட்டத்திலேயே விண்ணப்பம் நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

பயன் என்னவென்று ஜப்பானின் கமோ காட்சியகத்தைக் கேட்கலாம். 1997இல் கூட்டமின்றி மூடும் நிலைக்கு வந்திருந்தது. அங்கே பவளத் தொட்டி ஒன்றில், யாரும் வளர்க்காமலே குட்டி ஜெல்லிமீன்கள் தென்பட்டன. ஊழியர்கள் அவற்றை வளர்த்தார்கள், பார்க்க ஆட்கள் வந்தார்கள், இனங்கள் பெருகின. 2014இல் திறந்த புதுக் கட்டடத்தில் 5 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் சுமார் 10,000 நிலா ஜெல்லிமீன்கள் சுழல்கின்றன.

அந்தப் பவளத் தொட்டியில் தலைகாட்டியவை தலைகீழ் ஜெல்லிமீன்கள். குடையின் மேற்புறத்தைத் தரையில் பதித்து, கைகளை மேலே விரித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும் இனம். அதற்குப் பம்பரமே தேவையில்லை.