தூக்குத் தீர்ப்புக்குப் பிறகு: டெல்டா மாவட்டத்துக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

செஷன்ஸ் கோர்ட்டில் தூக்கு என்று தீர்ப்பு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பல குடும்பங்கள் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகின்றன. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அந்தத் தண்டனையை நிறைவேற்றவே முடியாது. நீங்கள் மேல்முறையீடு போடாவிட்டாலும் வழக்குக் கட்டு தானாக மேலே போகும். தஞ்சாவூர், திருச்சி மாவட்ட வழக்குகள் மதுரைக் கிளைக்கு. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகள் சென்னைக்கு. அம்மாபேட்டைக்காரர் மதுரைக்குப் பஸ் ஏறினால், நீடாமங்கலத்துக்காரர் சென்னைக்கு அலைய வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையா? சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள்.

இனி முக்கியமான விஷயம். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதிலும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு என்றது. இவர் திருந்தவே மாட்டார் என்பதை அரசுத் தரப்புதான் ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்றும் சொன்னது. நடைமுறையில் இது வெகுகாலம் ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருந்தது. 2022-இல் மனோஜ் வழக்கில்தான் சிறை நடத்தை அறிக்கை, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, மனநல மதிப்பீடு எல்லாவற்றையும் வரவழைத்துப் பார்க்கச் சொல்லிக் கறாராக வழிகாட்டினார்கள். அதனால், “நல்ல பிள்ளைங்க, சேர்க்கை சரியில்லை” என்று கோர்ட் வாசலில் அழுவது எந்தக் கட்டிலும் ஏறாது. பள்ளிச் சான்றிதழ், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, சிறைக்குள் எழுதிய பரீட்சை, பார்த்த வேலை என்று காகிதமாகச் சேர்த்து வக்கீல் கையில் கொடுங்கள்.

உச்ச நீதிமன்றமும் கைவிட்டால் கருணை மனு. உறவினரும் போடலாம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள்தான் கெடு. முதலில் ஆளுநருக்குப் போட்டு, அவர் மறுத்தால் 60 நாளுக்குள் குடியரசுத் தலைவருக்குப் போடலாம். மனுவைக் காரணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டால் அதுவே தண்டனையைக் குறைக்கக் காரணமாகும். பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரின் தூக்கு 2014 பிப்ரவரியில் ஆயுளானது அப்படித்தான்.

சரி, ஆயுள் என்றால் 14 வருஷமா? டீக்கடையில் அப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆயுள் என்றால் ஆயுள் முழுக்கத்தான். தூக்கிலிருந்து ஆயுளாகக் குறைக்கப்பட்டவரை 14 ஆண்டு உள்ளே இருந்த பிறகுதான் முன்விடுதலைக்கே பரிசீலிக்க முடியும். விட்டே ஆக வேண்டும் என்ற உரிமை கிடையாது. 20, 30 வருஷம் தண்டனைக் குறைப்பே கூடாது என்று கோர்ட் சேர்த்தும் சொல்லலாம்.

அப்புறம், உயிரைப் பறிகொடுத்த குடும்பம். இவர்களுக்கு இழப்பீடு உண்டு என்பதை யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. எனக்கு இதில் நிறைய ஆதங்கம். தீர்ப்பு நகலில் இழப்பீட்டுக்குப் பரிந்துரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொகையை முடிவு செய்வதும் அதே சட்டப்பணிகள் ஆணைக்குழுதான்.