கண்ணு நல்லாத்தானே தெரியுது?

"பிசான நடவு முடியட்டும் டாக்டரம்மா, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அண்ணாச்சி. நெல் நடவு முடிந்தது, அறுவடையும் முடிந்தது, அடுத்த போகமான கார் நெல்லுக்கு நாற்றுப் பாவும் நாளும் வந்துவிட்டது. அப்போதுதான் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் உள்ள என் கிளினிக் படியேறினார். "வலது கண்ணுல கருப்பு கருப்பா நூலு தொங்குச்சு. நேத்துலருந்து ஒண்ணுமே தெரியல." உள்ளே பார்த்தேன். ரத்தம் கசிந்து, கண்ணின் பின்பக்கம் ஒளியை வாங்கும் விழித்திரையையே மறைத்திருந்தது. (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சர்க்கரை நோய் முகாமில் அவருடைய விழித்திரையைப் படம் எடுத்திருந்தோம். கணினி அந்தப் படத்தைப் படித்து, மருத்துவரிடம் அனுப்பச் சொன்னது. நானும் பார்த்தேன். புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. சீக்கிரம் லேசர் வைக்க வேண்டும் என்றேன். அவர் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார். "கடைசி வரி வரைக்கும் வாசிச்சேம்லா? கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

வாசித்தார், உண்மைதான். அன்று வரிசையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அவரை உட்கார வைத்து விளக்க எனக்கு நேரம் இல்லாமல் போனது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுத்துப் பலகை சோதிப்பது விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சின்ன இடத்தை மட்டும்தான். எழுத்து வாசிப்பது, ஊசியில் நூல் கோப்பது, முகம் பார்ப்பது எல்லாம் அந்த இடத்தின் வேலை. சர்க்கரை பல வருடமாக அரித்த ரத்தக் குழாய்கள் முதலில் அதைச் சுற்றியுள்ள பகுதிகளில் அடைபடலாம். ரத்தம் போகாத இடத்தில் புதிய குழாய்கள் முளைக்கும். அவை மிக மெல்லியவை, ஒரு நாள் உடையும். அதுவரை நடுப்பகுதி நன்றாகவே இருக்கலாம், வலியும் கிடையாது. அதனால் பார்வை நன்றாக இருப்பதை வைத்து நோய் இல்லை என்று யாரும் முடிவு செய்ய முடியாது.

அப்படியானால் யாருக்கு ஆபத்து அதிகம்? சர்க்கரை வந்து எத்தனை வருடம் ஆயிற்று, ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா: நான் முதலில் கேட்பது இவற்றைத்தான். வருடத்தை நாம் குறைக்க முடியாது. மற்றவற்றில் நமக்குப் பிடி இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 சர்க்கரை உள்ள 1,441 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1993-ல் வந்தது. கண்ணில் பாதிப்பே இல்லாமல் ஆய்வில் சேர்ந்தவர்களில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரை நோய் வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. நம் ஊரில் பெரும்பாலும் பார்ப்பது டைப் 2. அதற்கு இங்கிலாந்து ஆய்வு 1998-ல் காட்டியது என்னை இன்னும் அதிகம் யோசிக்க வைக்கிறது. பிரஷரைக் கட்டுக்குள் வைத்ததாலேயே விழித்திரை நோய் முற்றுவது 34 சதவீதம் குறைந்தது. சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போட்டுவிட்டு, "பிரஷர் மாத்திரை எதுக்கு, தலைசுத்தலே இல்லியே" என்று நிறுத்துகிறவர்கள் முக்கூடல் முதல் பாபநாசம் வரை இருக்கிறார்கள். கண் டாக்டர் எதற்குப் பிரஷர் பார்க்கிறார் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

சரி, கணினி எப்படிப் படத்தைப் படிக்கிறது? இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூளையின் நரம்பு செல்லைக் கணக்காக எழுதிப் பார்க்கலாம் என்று மெக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் 1943-ல் காட்டினார்கள். அப்புறம் ஹியூபல், வீசல் என்ற ஆராய்ச்சியாளர்கள் பூனையின் மூளையில் பார்வைக்கான பகுதியை ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு செல் சாய்ந்த கோட்டுக்கு மட்டும் துடிக்கிறது, இன்னொன்று நேர்கோட்டுக்குத் துடிக்கிறது என்று கண்டார்கள். 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த அமைப்பைப் பார்த்து ஜப்பானில் ஃபுகுஷிமா 1980-ல், நரம்பு செல்களைப் போலக் கணக்குப் போடும் அடுக்கடுக்கான ஒரு கணினி வலையை உருவாக்கினார். இன்று படம் படிக்கும் வலைகள் அந்த வழியில் வந்தவை. முதல் அடுக்கு கோடு, விளிம்பைப் பிடிக்கும். மேலே போகப் போக ரத்தப் புள்ளி, மஞ்சள் படிவு என்று பிடித்துக்கொள்ளும்.

கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படி ஒரு வலைக்கு 1,28,175 விழித்திரைப் படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். 54 கண் மருத்துவர்கள் அந்தப் படங்களைத் தரம் பிரித்துக் கொடுத்தார்கள். படங்கள் வந்த இடங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒன்று. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வேங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அது. நம் பக்கத்து மனிதர்களின் கண்கள் இந்த அறிவுக்குள் இருக்கின்றன என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பின்னர் 2019-ல் அந்தக் கூகுள் குழுவின் அமைப்பை அரவிந்தில் நேரடியாகச் சோதித்த முடிவு வந்தது. கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் உள்ளவர்களில் 88.9 சதவீதத்தினரைக் கண்டுபிடித்தது. அந்த அளவுக்கு நோய் இல்லாதவர்களில் 92.2 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது. இதை ஒரு முகாமுக்குப் பொருத்திப் பாருங்கள். 200 பேர் வருகிறார்கள், 20 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி 18 பேரைப் பிடிக்கும், இரண்டு பேரைத் தவறவிடும். நோய் இல்லாத 180 பேரில் 14 பேரையும் "போய்ப் பாருங்கள்" என்று சொல்லும். ஆக 32 சீட்டு. அதில் 18 பேருக்கு உண்மையிலேயே நோய். சீட்டு கையில் வந்ததும் கண் போய்விட்டது என்று அழ வேண்டியதில்லை. ஆனால் அந்த 32 பேரில் தான் எந்தப் பக்கம் என்று வீட்டில் இருந்துகொண்டு யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு பேருக்காகத்தான் "இந்த வருசம் ஒண்ணும் இல்ல" என்று வந்தவர்களையும் அடுத்த வருடம் மறுபடி வரச் சொல்கிறோம்.

இன்னொன்று. "படம் தெளிவாக இல்லை" என்று சீட்டில் இருந்தால் அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாய்லாந்துக் கிளினிக்குகளில் இப்படி ஒரு அமைப்பைப் பயன்படுத்தியபோது முதல் ஆறு மாதத்தில் 1,838 படங்களில் 21 சதவீதத்தைக் கணினி படிக்க மறுத்தது. கண்புரை இருந்தாலோ கண்மணி சுருங்கியிருந்தாலோ படம் மங்கும். அப்படிப்பட்டவர்கள் கட்டாயம் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

"போன பார்வை திரும்பி வருமா?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. நடுப்பகுதியில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசியால் பலருக்குப் பார்வை கொஞ்சம் கூடும், ஆனால் பல தடவை போட வேண்டியிருக்கும். லேசரின் வேலை வேறு. அது இருப்பதைக் காப்பாற்றும், போனதைக் கொண்டுவராது. கடுமையான பார்வை இழப்பை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976-லேயே பெரிய ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. "லேசர் வச்சும் ஒண்ணும் கூடல" என்று பாதியில் நிற்பவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

டைப் 2 என்றால் சர்க்கரை இருப்பது தெரிந்த அன்றே ஒரு தடவை கண் பார்க்க வேண்டும், அதற்கு முன்பே சர்க்கரை பல வருடம் மறைந்திருந்திருக்கலாம். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள். அதிகச் சர்க்கரையை இன்சுலின் போட்டு வேகமாக இறக்கப் போகிறார்கள் என்றால் அதற்கு முன்பும் பார்ப்பது நல்லது. வேகமாக இறங்கும்போது கண் நோய் சிலருக்குத் தற்காலிகமாகக் கூடும். அதற்காக இன்சுலினை நிறுத்தக் கூடாது. சொட்டு விட்ட நாளில் சில மணி நேரம் கண் கூசும், பைக் ஓட்டாமல் துணைக்கு ஆளோடு வாருங்கள்.

அண்ணாச்சியின் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். இடது கண்ணுக்கு அன்றே லேசர் தொடங்கினோம். அவர் உள்ளே இருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் கேட்டேன். அவருக்கும் சர்க்கரை, ஆறு வருடம். "எனக்கு என்னத்துக்கு டாக்டரம்மா? பீடிக்கு நூலு சுத்துதேன், எல்லாம் தெரியுதுல்லா." ஒரு நாள் பீடி போனால் ஒரு நாள் கூலி போகும், அது எனக்கும் தெரியும். எப்படியும் அன்று வேலை போயிற்று என்று சொல்லிச் சொட்டு மருந்து விட்டேன். இரண்டு கண்ணிலும் சின்னச் சின்னப் புள்ளிகள், ஆரம்ப நிலை. சிகிச்சை இப்போது வேண்டாம். பிரஷர் 160-க்கு மேல் இருந்தது, அதற்கு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். அடுத்த தேதியைப் பிசான நடவு தொடங்குவதற்கு முன்னால் வருகிற மாதிரி சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.