முதுகுத்தண்டில் யாரும் கை வைப்பதில்லை

"பொட்டப்புள்ள முதுகுத்தண்டுல ஊசியக் குத்தினா, நாளைக்கு அதை யாரு சாமி கட்டிக்குவா?"

ஒரு பாட்டி என்னிடம் கேட்டது இது. பேரனுக்கு தலசீமியா, அதாவது ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோய், வயது 5. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றி வந்தார்கள். அக்காவின் எலும்பு மஜ்ஜையை எடுத்து அவனுக்கு ஏற்றலாம் என்று சொல்லியிருந்தோம். அந்த 9 வயது அக்காவின் ஹெச்.எல்.ஏ., அதாவது மஜ்ஜை பொருந்துமா என்று காட்டும் செல் அடையாளம், முழுமையாகப் பொருந்தியிருந்தது. உடன்பிறந்த ஒருவரோடு அப்படிப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். அது கிடைத்தும் இரண்டு மாதம் வீட்டில் சண்டை.

மஜ்ஜை என்றதும் பலர் தண்டுவடத்தை நினைத்துக்கொள்கிறார்கள். தண்டுவடம் நரம்பு. மஜ்ஜை எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடம். நல்லி எலும்பை உறிஞ்சியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசி போட்டு எடுக்கிறோம். ஒன்றிரண்டு மணி நேர வேலை. சில நாள் இடுப்பு வலிக்கும், எடுத்தது சில வாரங்களில் ஊறிவிடும். கொடுப்பவர் பெரியவர் என்றால் பெரும்பாலும் இதுவும் தேவைப்படாது. சில நாள் ஊசி போட்டு, மஜ்ஜையில் ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, பிளேட்லெட் தானம் போல மெஷினில் பிரித்துக்கொள்ளலாம்.

பாட்டி கடைசியில் சம்மதித்தார். மாற்று நாளன்று மருந்துக் கம்பத்தில் தொங்கிய மஜ்ஜைப் பையைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் எப்போ?" என்றார். இதுதான் பாட்டி என்றேன். ஏமாந்துபோனார், பாவம். ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கும். கஷ்டமெல்லாம் முன்னும் பின்னும்தான்: பழைய மஜ்ஜையை அழிக்கும் கீமோ, வாய்ப்புண், முடி உதிர்வு, புது மஜ்ஜை வேர்பிடிக்கும்வரை இரண்டு மூன்று வாரம் தனியறை. கொடுத்தவரிடமிருந்து வந்த செல்கள் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கலாம். அந்த ஆபத்தை நாங்கள் மறைப்பதில்லை.

ரத்தம் ஏற்றும் காலத்திலேயே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சித்தப்பா, மாமா என்று சொந்தங்கள் ஓடிவந்து ரத்தம் கொடுப்பார்கள். பாசம்தான், ஆனால் வேண்டாம். சொந்தங்களின் ரத்தம் ஏறினால் குழந்தையின் எதிர்ப்புச் சக்தி அந்தக் குடும்பத்து அடையாளங்களை எதிரியாகப் பழகிக்கொள்ளும். பிறகு அதே குடும்பத்து மஜ்ஜையை ஒதுக்கிவிடக்கூடும். வெளியாள் ரத்தமே நல்லது. அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடலில் சேரும் இரும்புச்சத்தைக் குறைக்கும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், அது கல்லீரலைக் கெடுக்கும் இரும்பு. கல்லீரல் கெட்ட பிறகு வரும் குழந்தைக்கு மாற்று சிகிச்சையில் ஆபத்து கூடும்.

வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே மஜ்ஜை மாற்று நடக்கிறது. செலவு லட்சங்களில்தான். தலசீமியா குழந்தைகளுக்கு, மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான கோல் இந்தியாவின் 'தலசீமியா பால் சேவா' திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது, தகுதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ரத்த வகை வேறு. அது தடையில்லை, ஹெச்.எல்.ஏ. பொருந்தினால் போதும். பல மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது அவன் அக்காவின் வகைக்கு மாறியிருந்தான். "ஸ்கூல் ஐடி கார்டுல பி பாசிட்டிவ்னு போட்டிருக்கே, மாத்தணுமா டாக்டர்?" என்றார் அம்மா.

மாற்றத்தான் வேண்டும். ஓ பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்தேன். அப்புறம், பழைய மஜ்ஜையோடு பழைய தடுப்பூசிகளின் பலனும் போய்விடுவதால், சிறுவயதுத் தடுப்பூசிகளை முதலிலிருந்து போட ஒரு அட்டவணையும்.