கட்டி ஒருவருக்கு, கிருமி வீட்டுக்கே

தொடையில் ஒரு கட்டி. சிவந்து, தொட்டால் சுட்டு, நடுவில் மஞ்சளாய் முனை தெரிகிறது. ஒருவழியாக ஆறுகிறது. மூன்று வாரம் கழித்து தம்பிக்கு முழங்கையில் ஒன்று, அப்புறம் அம்மாவுக்கு. சுற்றி வந்து முதல் ஆளுக்கே மறுபடியும். ரத்தம் கெட்டுவிட்டது என்று யாராவது சொல்வார்கள். சந்தேகப்பட வேண்டியது ரத்தத்தை அல்ல, மூக்கை.

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சுமார் 10 பேரில் 3 பேருடைய மூக்கின் முன்பகுதியில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. அக்குளிலும் தொடை இடுக்கிலும்கூட இருக்கும். அதனால் அவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. மூக்கைத் தொட்ட விரல் ஒரு சவரக் கீறலைச் சொறியும்போதுதான் அதற்கு உள்ளே போக வழி கிடைக்கிறது.

சரி, மாத்திரை சாப்பிட்டாலும் சில சமயம் கட்டி அடங்குவதில்லை. மருந்து ஏன் கேட்பதில்லை? பாக்டீரியா தன்னைச் சுற்றி ஓயாமல் சுவர் கட்டும். அதற்கென்று கொத்தனார் போல சில புரதங்கள் உண்டு. பென்சிலின் அந்தக் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும். சுவர் பலமிழந்து கிருமி வெடித்துவிடும். பென்சிலினையே வெட்டிப்போடும் நொதியோடு சில கிருமிகள் கிளம்பின. அந்த நொதிக்குச் சிக்காத மெத்திசிலின் என்ற மருந்து 1959-இல் வந்தது. 1961-லேயே பிரிட்டனில் அதற்கும் அடங்காத வகை தென்பட்டது. அதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ., அதாவது மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். மெக்-ஏ என்ற மரபணு அதற்கு வேறொரு கொத்தனாரைத் தருகிறது. இவன் கை மருந்துக்கு எளிதில் பிடிபடாது. அதனால் அமாக்சிசிலின், செஃபலெக்சின் என்று இந்தக் குடும்பத்தின் வழக்கமான மாத்திரைகள் எல்லாமே வீணாகிவிடுகின்றன.

எந்த மருந்தானாலும் சீழுக்குள் சரியாக வேலை செய்யாது என்பது தனிக் கதை. மருத்துவர் கீறி வடிப்பதுதான் பாதி வைத்தியம். நாமே பிதுக்கினால் விரலில் ஒட்டியது அடுத்த ஆளுக்குப் போகும். எந்த மருந்து கேட்கும் என்பதைச் சீழைப் பரிசோதித்தால் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டுக்குள் இந்தக் கிருமி பயணம் போக அதிகம் தேவையில்லை. ஒரே துண்டு, ஒரே சவரக்கத்தி, ஒரே படுக்கை போதும். காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாய், பூனையின் உடம்பிலும் தங்கும்.

கட்டி வந்தவரின் மூக்கில் மியூபிரோசின் என்ற கிருமிக்கொல்லிக் களிம்பு தடவி, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியில் குளிக்கச் செய்வது மருத்துவர்கள் கையாளும் ஒரு வழி. அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டி வந்த குழந்தைக்கு மட்டும் இதைச் செய்த வீடுகளையும் எல்லோருக்குமே செய்த வீடுகளையும் ஒப்பிட்டார்கள். குழந்தையின் உடம்பிலிருந்து கிருமி ஒழிந்ததில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் செய்த வீடுகளில் கட்டிகள் குறைந்திருந்தன.