ஊசி குத்திய அன்றே எழுதிக் கொடுங்கள்: செவிலியரின் பாதுகாப்பு உரிமை

எனக்குத் தெரிந்த ஒப்பந்தச் செவிலியர் ஒருவருக்குப் பணியில் ஊசி குத்தியபோது, "இது பெரும் விபத்து இல்லை, பதிவு தேவையில்லை" என்று நிர்வாகம் சொன்னதை நம்பி அவர் பேசாமல் இருந்துவிட்டார். சில மாதங்கள் கழித்து ஹெபடைடிஸ் பி தொற்று தெரியவந்தபோது, அது பணியில் வந்தது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

போதுமான கையுறை முதலிய பாதுகாப்பு உபகரணங்கள், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள், ஆண்டுதோறும் உடல் பரிசோதனை ஆகியவற்றைத் தருவது மருத்துவமனையின் கடமை என்று 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு (பயன்படுத்திய ஊசி முதலிய மருத்துவமனைக் கழிவு) மேலாண்மை விதிகள் கூறுகின்றன.

'பெரும் விபத்து' என்பதன் வரையறையில் ஊசிக்குத்து சேராது என்பது உண்மைதான். ஆனால் மற்ற விபத்துகளையும் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்று அதே விதிகள் சொல்வதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. அந்த அறிக்கை ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனையின் இணையதளத்திலும் இருக்க வேண்டும். உங்களுக்குக் காயம் பட்ட ஆண்டுக்கான அறிக்கையில் விபத்து ஏதும் இல்லை என்றிருந்தால், வாரியத்திடம் புகார் கொடுக்க அதுவே ஆதாரம்.

ஒப்பந்தப் பணியாளரை மருத்துவமனை ஏஜென்சியிடமும், ஏஜென்சி மருத்துவமனையிடமும் அனுப்பி அலைக்கழிப்பது வழக்கம். விதிகளோ சுகாதாரப் பணியாளர் அனைவரையும், கழிவைக் கையாளும் மற்றவரையும் சேர்த்தே பேசுகின்றன. ஆகவே காயம் பற்றிய கடிதத்தை மருத்துவமனை நிர்வாகத்திடமே கொடுங்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவானவரிடம் "சந்தா நாள் போதவில்லை" என்றால் நம்ப வேண்டாம். பணியிடக் காயத்தால் ஏற்படும் ஊனத்துக்கான பலனுக்குக் குறைந்தபட்ச சந்தா நிபந்தனை கிடையாது.

எல்லாவற்றையும்விட அவசரமானது இரத்தப் பரிசோதனை. குத்தியவுடன் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்றிருந்தால்தான், பின்னால் வந்த தொற்று முன்பே இருந்தது என்று எவரும் தட்டிக்கழிக்க முடியாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் சில மணி நேரங்களே மிகச் சிறந்தவை என்பதால், மேலதிகாரியின் கையொப்பத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

"கையுறை போடாதது உன் தவறு" என்ற பழியும் வரும். ஆகவே ஸ்டோரில் கேட்ட கையுறைப் பெட்டிகள் எத்தனை, கொடுத்தவை எத்தனை என்பதை ஒவ்வொரு முறையும் இன்டென்டில் (பொருள் கேட்புச் சீட்டில்) எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். காயம் பற்றிய கடிதத்தில் நேரம், வார்டு, அப்போது அங்கே கையுறை இருந்ததா என்பவற்றைக் குறித்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால், அதே கடிதத்தை அன்றிரவே நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.