சுருள் வேறு, சுழல் வேறு

"சுழல் விண்மீன் மண்டலத்தின் சுழல் வேகம் அதன் எடையைப் பொறுத்தது." வானியல் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் இந்த மாதிரி வாக்கியம் ஓயாமல் வருகிறது. ஆங்கிலத்தின் 'ஸ்பைரல் கேலக்ஸி'யைத்தான் இங்கே 'சுழல் விண்மீன் மண்டலம்' என்கிறார்கள். முதல் 'சுழல்' தவறு, 'எடை' தவறு, இரண்டாவது 'சுழல்' அரைகுறை. இவ்வளவும் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டு வானியலின் மிக அழகான கண்டுபிடிப்பு ஒன்றைத் தமிழில் புரியாத வாக்கியமாக்கிவிடுகின்றன.

அந்தக் கண்டுபிடிப்பு 1977இல் வானியலாளர்கள் ப்ரென்ட் டல்லியும் ரிச்சர்ட் ஃபிஷரும் வெளியிட்டது. சுருள் வடிவ விண்மீன் மண்டலம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு ஒளிர்திறன் அதற்கு உண்டு. ஒளி தருவது விண்மீன்கள் என்பதால் இதன் அடியில் இருப்பது நிறைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு. நிறை, ஏறத்தாழ வேகத்தின் நான்காம் அடுக்காக ஏறும். நொடிக்கு 100 கி.மீ. வேகத்தில் சுழலும் மண்டலத்தில் விண்மீன்களும் வளிமமும் சேர்ந்து சுமார் 470 கோடி சூரிய நிறை என்றால், 200 கி.மீ. வேகத்தில் சுழல்வதில் சுமார் 7,500 கோடி. வேகம் இரு மடங்கு, நிறை பதினாறு மடங்கு.

'ஸ்பைரல்' என்பதன் வேர் 'ஸ்பெய்ரா' என்ற கிரேக்கச் சொல். சுருட்டி வைத்த கயிறு, சுருண்டு கிடக்கும் பாம்பு போன்றவற்றுக்குப் பெயர். 'ரொட்டேஷன்' என்பதன் வேர் 'ரோட்டா', லத்தீனில் சக்கரம். ஒன்று வடிவம், மற்றது இயக்கம். அங்கே கலக்காததை நாம் ஏன் கலக்க வேண்டும்?

தமிழில் சொல் இல்லாமலா? கொசுவத்திச் சுருள் சுழல்வதில்லை. சுழல் நாற்காலி சுருண்டிருப்பதில்லை. வெற்றிலையைச் சுருட்டித் தந்தால் சுருள். பம்பரம் விட்டால் சுழல். இந்த வேறுபாடு ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். கலைச்சொல் என்று வந்தவுடன் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

'சுழல்' என்பவர்கள் சொல்லும் காரணம், "அது சுழலத்தானே செய்கிறது" என்பது. சுழல்கிறது, உண்மை. ஆனால் அந்தப் பெயர் சுழற்சியைப் பார்த்து வந்ததல்ல. 1845இல் அயர்லாந்தின் பர் என்ற ஊரில், 72 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியில் எம்51 என்ற விண்மீன் மண்டலத்தைப் பார்த்த ரோஸ் பிரபு கண்டது சுருண்ட வடிவத்தை. இப்படிப்பட்ட ஒன்று சுழல்கிறது என்பதற்கு அளவைச் சான்று கிடைக்க 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரிசோனாவின் லோவெல் வானாய்வகத்தில் வானியலாளர் ஸ்லைஃபர், எம்104 என்ற மண்டலத்தின் நிறமாலைக் கோடுகள் சாய்ந்திருப்பதைக் கண்டு அதைச் சொன்னார். இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டு. சுழற்சி தெரியாத காலத்திலேயே சுருள் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இலக்கணமும் 'சுழல்' பக்கம் இல்லை. 'சுழல் மண்டலம்' வினைத்தொகை: சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் மண்டலம். அப்படியானால் சுருண்டு நீளும் கைகளே இல்லாத வில்லை வடிவ மண்டலங்களும் சுழல் மண்டலங்கள்தான், அவையும் வேகமாகச் சுழல்பவையே. வடிவமே இல்லாத சிறு மண்டலங்கள் பலவும் சுழல்கின்றன, நிறையையும் வேகத்தையும் வரைபடமாக்கினால் கிடைக்கும் கோட்டிலும் உட்காருகின்றன. வகைப்பெயர் வகையைப் பிரிக்கவில்லை என்றால் அது எதற்கு? 'சுருள் மண்டலம்' என்பதும் வினைத்தொகையாகலாமே என்று கேட்கலாம். ஆகலாம், சுருண்ட மண்டலம் என்று விரித்தாலும் அது வடிவத்தைத்தான் சொல்கிறது, பொருள் கெடவில்லை. எம்51க்கு நீர்ச்சுழி என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. வகைக்கும் சுழல், பெயருக்கும் சுழல் என்று வைத்துக்கொண்டு அதை எப்படி எழுதுவது?

இதைவிடப் பெரிய கேடு இயற்பியலில். சுழல்வதால்தான் கைகள் சுருண்டன என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். கைகள் அதே விண்மீன்களால் ஆன நிலையான கயிறுகள் என்றால், உட்பகுதி சீக்கிரமும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுற்றி முடிப்பதால், சில சுற்றுகளிலேயே அவை இறுகிச் சுற்றிக்கொண்டு மறைந்துவிடும். சூரியன் நம் மண்டலத்தின் மையத்தை ஒருமுறை சுற்ற 22, 23 கோடி ஆண்டு. மண்டலத்தின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டுக்கு மேல். நாற்பது சுற்றுக்கு மேல் ஆகியிருக்கும், கைகள் இன்னும் இருக்கின்றன. ஆகவே கைகள் என்பவை பெரும்பாலும் விண்மீன்கள் உள்ளே புகுந்து வெளியேறும் அடர்த்தி அலைகள் என்று 1964இல் ஆய்வாளர்கள் லின்னும் ஷூவும் விளக்கினார்கள். அந்தச் சுருளுக்குத் தனி வேகம், விண்மீன்களுக்குத் தனி வேகம். இரண்டுக்கும் 'சுழல்' என்றே எழுதினால் இந்தப் பத்தியைத் தமிழில் எழுதவே முடியாது.

இயக்கத்துக்கு வருவோம். 'சுழல் வேகம்' என்பதைவிடச் 'சுழற்சி வேகம்' தெளிவு. சிலர் 'தற்சுழற்சி வேகம்' என்கிறார்கள். பூமிக்கு அது பொருந்தும், மண்டலத்துக்குப் பொருந்தாது. இறுகிய பொருள் தன் அச்சில் சுழன்றால் மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக வேகம் நேர்விகிதத்தில் கூடும். மண்டலத்திலோ ஒவ்வொரு விண்மீனும் தனித்தனியே மையத்தைச் சுற்றுகிறது. வெளியே போனால் வேகம் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கிறது. அப்படி மாறாமல் நிற்கும் பகுதியின் வேகம்தான் இந்தத் தொடர்பில் இடம்பெறுவது. 'திசைவேகம்' என்பதும் இங்கே வேண்டாம். திசை கணக்கில் வருவதில்லை, எண்ணளவு மட்டுமே.

அந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தால் சொல்லின் பொருத்தம் இன்னும் விளங்கும். நடுநிலை ஹைட்ரஜன் 21 செ.மீ. அலைநீளத்தில், அதாவது சுமார் 1420 மெகாஹெர்ட்ஸில், வானொலி அலை வெளியிடும். மண்டலத்தின் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் போவதால், நகர்வுக்கு ஏற்ப அலைநீளம் மாறும் டாப்ளர் விளைவில் அந்தக் கோடு அகன்று, இரண்டு ஓரத்திலும் கொம்பு முளைத்தது போல் தெரியும். அகலம் 1.42 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 300 கி.மீ.; பாதி 150. மண்டலத்தின் தட்டு, நமக்கு நேராக முகம் காட்டும் நிலையிலிருந்து 60 பாகை சாய்ந்திருந்தால் அந்தக் கோணத்தின் சைன் மதிப்பான 0.866ஆல் வகுக்க வேண்டும்: 173 கி.மீ. இதுதான் சுழற்சி வேகம்.

பிழை பெரும்பாலும் நுழைவது இந்தச் சாய்வில்தான். உண்மையில் 30 பாகை இருப்பதை 35 என்று எடுத்தால் வேகம் 13 சதவீதம் குறைந்து வரும், நான்காம் அடுக்கில் ஒளிர்திறன் 42 சதவீதம் குறையும். அதே ஐந்து பாகைப் பிழை 75க்கும் 80க்கும் இடையில் நேர்ந்தால் ஒளிர்திறனில் 7 சதவீதம் மட்டுமே. அதனால் முகம் காட்டி நிற்கும் மண்டலங்களை ஒதுக்கிவிடுகிறார்கள். விளிம்பு காட்டி நிற்பவற்றில் வேறு தொல்லை: தூசு ஒளியை மறைக்கும். அதற்காகவே அகச்சிவப்பில் அளக்கிறார்கள்.

'எடை' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடை என்பது ஈர்ப்பு இழுக்கும் விசை. மண்டலத்தை வைக்கத் தராசு ஏது? 'நிறை' என்பதே சரி. ஆனால் இலங்கையில் நிறை என்றால் நம் எடை, நம் நிறை அங்கே திணிவு. நம் வேகம் அங்கே கதி, நம் திசைவேகம் அங்கே வேகம். ஆக, சென்னையில் 'நிறை–வேகத் தொடர்பு' என்று எழுதியதை யாழ்ப்பாணத்து மாணவர் 'திணிவு–கதித் தொடர்பு' என்று மாற்றிப் படிக்க வேண்டும். இரு வழக்கையும் ஒரே கட்டுரையில் கலந்து எழுதுகிற மொழிபெயர்ப்பாளர்களால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எழுதுங்கள்.

எந்த நிறை என்பதையும் சொல்ல வேண்டும். ஒளியை மட்டும் வைத்து வரைந்தால், வளிமம் மிகுந்த சிறு மண்டலங்கள் கோட்டுக்குக் கீழே விழுகின்றன. வளிமத்தின் நிறையைக் கூட்டினால் மேலேறிக் கோட்டில் சேர்கின்றன என்று 2000இல் வானியலாளர் மெக்காவும் அவர் குழுவும் காட்டினார்கள். விண்மீன்களும் வளிமமும் சேர்ந்த இந்த நிறைக்குப் 'பேரியான் நிறை' என்பதே போதும். இதைக் 'கண்ணுக்குத் தெரியும் நிறை' என்று பெயர்ப்பது தவறு. ஹைட்ரஜன் வளிமம் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக, 'டல்லி–ஃபிஷர் விதி'. இது விதியல்ல, அளந்து கண்ட ஒழுங்கு. புள்ளிகள் கோட்டைச் சுற்றிச் சிறிது சிதறியே நிற்கும். 'டல்லி–ஃபிஷர் உறவு' என்றால் அந்த இருவருக்கும் ஏதோ உறவு என்று படுகிறது. 'டல்லி–ஃபிஷர் தொடர்பு' என்பதிலும் அதே இடறல் இருக்கிறது. முதல்முறை எழுதும்போது 'டல்லியும் ஃபிஷரும் கண்ட நிறை–வேகத் தொடர்பு' என்று விரித்து எழுதி, பிறகு 'நிறை–வேகத் தொடர்பு' என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆக, தொடக்கத்தில் பார்த்த வாக்கியம் இப்படி இருக்க வேண்டும்: "சுருள் விண்மீன் மண்டலத்தின் பேரியான் நிறை, அதன் சுழற்சி வேகத்தின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுகிறது."