சொல் விளக்கம்: சூடோலிம்போமா

எண்டோஸ்கோப்பி செய்து இரைப்பையிலிருந்து துளி சதை எடுத்து அனுப்புகிறார்கள். அறிக்கையில் 'சூடோலிம்போமா' என்று வருகிறது. வீட்டில் உள்ளவர்கள் கண்ணில் 'லிம்போமா' மட்டும்தான் படும். அன்று இரவு யாருக்கும் தூக்கம் இருக்காது.

'சூடோ' என்றால் கிரேக்கத்தில் பொய். 'லிம்பா' லத்தீனில் தெளிந்த நீர். 'ஓமா' என்ற கிரேக்க விகுதிக்குக் கட்டி என்றுதான் பொருள். லிபோமா வெறும் கொழுப்புக் கட்டி, புற்று அல்ல. லிம்போமா என்றால் மட்டும் இன்று புற்றேதான்.

உடலில் ஓடும் 'லிம்ப்' என்ற இந்த நீரைத் தமிழில் நிணநீர் என்கிறோம். சங்கப் பாடல்களில் நிணம் என்பது கொழுப்பு. தெளிந்த நீருக்கு இந்தப் பெயரா என்று தோன்றலாம். ஆனால் சாப்பிட்டபின் குடலிலிருந்து வரும் நிணநீர், கொழுப்பைச் சுமந்து பால்போல வெளுத்திருக்கும். அருமையான பெயர்.

சரி, போலி எது, புற்று எது? இயல்பான இரைப்பையில் நிணத்திசு அநேகமாகக் கிடையாது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி குடியேறினாலோ, புண் நெடுநாள் ஆறாமல் இருந்தாலோ லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. இதுதான் போலி; பல வழிவந்த செல்களின் கூட்டம். புற்றில் எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள். லிம்போசைட்டில் ஒரு வகையான பி லிம்போசைட் ஒவ்வொன்றும் காப்பா, லாம்டா என்ற இரு புரதங்களில் ஒன்றைத்தான் சுமக்கும். சாயமேற்றிப் பார்க்கும்போது இரண்டும் கலந்திருந்தால் பெரும்பாலும் எதிர்வினை வீக்கம். ஒன்றே நிறைந்திருந்தால் புற்றுச் சந்தேகம். செல்கள் சுரப்பிகளுக்குள் புகுந்து சிதைத்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

1983இல் ஐசாக்சன், ரைட் என்ற நோய்க்குறியியல் மருத்துவர்கள், சளிச்சவ்வை ஒட்டிய நிணத்திசுவில் எழும் 'மால்ட் லிம்போமா'வை விவரித்தார்கள். அப்புறம்தான், போலி என்று ஒதுக்கப்பட்ட பலவும் மெதுவாக வளரும் உண்மைப் புற்று என்று தெரிந்தது. கிருமியை ஒழித்தாலே அது பலருக்கு அடங்குகிறது என்று 1993இல் கண்டார்கள்.

'போலி நிணநீர்ப்புற்று' என்று பெயர்க்கலாம்தான். எனக்கு உடன்பாடில்லை. போலி மருந்து, போலிப் பத்திரம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏமாற்று வேலையாகப் படும். போதாததற்குப் புற்று என்ற சொல்லும் கூடவே நிற்கிறது. 'எதிர்வினை நிணத்திசுப் பெருக்கம்' என்பதே நடப்பதைச் சொல்கிறது.

பழைய அறிக்கையில் சூடோலிம்போமா என்று இருந்தால், மெழுகில் பதித்து வைத்திருக்கும் அந்தத் துணுக்கை மறுபடி பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.